இறுக்கிக் கட்டுகிற ஜெயராஜ்

ஜெயராஜுக்கு எதையும் கட்டாமல் விட்டால் தூக்கம் வராது. கவரைப்பேட்டையில் அவர் வீட்டு கேஸ் சிலிண்டர் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். பீரோவுக்குக் குறுக்கே நைலான் கயிறு ஓடும். ஒரு கிறிஸ்துமஸுக்கு வாசலில் அவர் கட்டிய காகித நட்சத்திரத்தை ஈஸ்டர் வரைக்கும் யாராலும் அவிழ்க்க முடியவில்லை. கடைசியில் மனைவி ஹெலன்தான் அரிவாள்மனையைத் தூக்கிக்கொண்டு போய் அறுத்தாள். "ஊட்டுல இருக்கறது எல்லாத்தையும் டைட்டா கட்டிக்கிறாரு. என் கழுத்துல கட்டுனதுதான் கொஞ்சம் லூசு" என்று அவள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள்.

வீட்டில் சிரிப்பாகப் போன இந்தக் குணத்துக்கு, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு மரியாதை இருந்தது. கைகழுவும் பேசினும் கக்கூஸ் பீங்கானும் செய்கிற கம்பெனி அது. அங்கே பதினாலு வருஷமாக லாரியில் சரக்கு ஏற்றும் பிரிவுக்கு ஜெயராஜ்தான் சூப்பர்வைசர். சூப்பர்வைசர் என்பது கூப்பிடுகிற பெயர். சம்பளச் சீட்டில் இன்றைக்கும் 'ஹெல்பர் 2'. ஒப்பந்தக்காரர்கள் நாலு பேர் மாறிவிட்டார்கள். ஹெல்பர் 2 மாறவில்லை. அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நெற்கட்டு கட்டினார். மகன் பத்தாவது வரை படித்து, அடுத்தவர் கம்பெனியில் பீங்கான் கட்டுகிறார். இதற்குப் பெயர் தொழில் வளர்ச்சி என்று சிப்காட் வாசலில் பலகை இருக்கிறது.

அவர் கட்டுகிற அழகைப் பார்க்கவே சில பேர் டீ கிளாஸோடு வந்து நிற்பார்கள். லாரியில் அட்டைப்பெட்டிகளை அடுக்கி முடித்ததும் குறுக்கே மூன்று பெல்ட் போடுவார். ஒவ்வொரு பெல்ட்டிலும் பல்சக்கரம் வைத்த ஒரு கைப்பிடி உண்டு. அதை ஆட்ட ஆட்ட பெல்ட் இறுகும். மற்றவர்கள் ஆறு ஆட்டு ஆட்டி விட்டுவிடுவார்கள். ஜெயராஜ் லாரியின் பக்கப் பலகையில் வலது காலை ஊன்றி, பல்லைக் கடித்து, ஓரத்து அட்டைப்பெட்டி 'கிறீச்' என்று முனகும் வரை இழுப்பார்.

"அட்ட அழுவணும். அப்பதான் அது கட்டு" என்பார்.

"அட்ட அழுவுதுன்னா, உள்ள கீறது மட்டும் சிரிக்குமா நைனா?" என்று ஒரே ஒரு ஆள்தான் கேட்டிருக்கிறான். பொதட்டூர்பேட்டைக்காரன், டிரைவர் ரங்கசாமி. ஐம்பத்தைந்து வயது. வாயில் பாதித் தமிழ், பாதித் தெலுங்கு, மீதி ஹான்ஸ் புகையிலை.

"நீ ஸ்டியரிங்கப் புடி. கயித்த நான் பாத்துக்கறேன்" என்று ஜெயராஜ் பதினாலு வருஷமாக ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்: கட்டுகிறவர்கள், உடைக்கிறவர்கள். இரண்டாவது வகைக்கு டிரைவர் என்று பெயர். நெல்லூரிலிருந்தோ விஜயவாடாவிலிருந்தோ விரிசல் விட்ட பேசினின் போட்டோ வாட்ஸ்அப்பில் வந்தால் ஜெயராஜ் ஒரு நொடிதான் பார்ப்பார். "பள்ளத்துல உட்டுக்கிறான் சார்" என்பார். பள்ளம் எங்கே, எந்த ஊர் என்று யாரும் கேட்டதில்லை. தேசிய நெடுஞ்சாலையில் பள்ளம் இருக்கிறதென்றால் யார்தான் மறுத்துப் பேசுவார்கள்?

உடைந்து வருவது அதிகமானபோது, கம்பெனி பெங்களூரிலிருந்து ஓர் ஆலோசகரை வரவழைத்தது. மூன்று நாள் தங்கினார்; லாரி நிற்கிற இடத்துக்கு ஒரு முறை வந்தார், அதுவும் செல்ஃபி எடுக்க. போகும்போது நாலு வைத்தியம் எழுதிக் கொடுத்தார். பெட்டிகளுக்கு இடையில் சொருக காற்றுப் பை. பெல்ட் அழுத்துகிற ஓரத்தில் வைக்க பிளாஸ்டிக் மூலைத் தடுப்பு. தினமும் காலையில் வலது கையை நீட்டி 'உடைய விடமாட்டேன்' என்று ஓர் உறுதிமொழி. கடைசியாக, வெளியே தெரிகிற ஓரத்துப் பெட்டிகளில் ஒட்ட ஓர் அதிர்வு ஸ்டிக்கர்: வெள்ளைச் சதுரம், நடுவில் வெள்ளையாக ஒரு சின்ன வட்டம். பெட்டி குலுங்கினாலோ கீழே விழுந்தாலோ அந்த வட்டம் சிவப்பாகிவிடும்.

காற்றுப் பைகள் இரண்டே வாரத்தில் பழவேற்காடு ஏரிக்குப் போய்விட்டன. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்க நன்றாக இருந்ததாம். மூலைத் தடுப்புகள் கட்டில் கால்களுக்கும் பைக் கண்ணாடிக்கும் போயின. "என் கட்டுக்கு முட்டு எதுக்கு சார்?" என்று ஜெயராஜே அவற்றைத் திறந்த பெட்டியோடு மூலையில் தள்ளியிருந்தார், எடுத்துப் போகிறவர்களுக்கு வசதியாக. உறுதிமொழியை டீ இடைவேளையோடு சேர்த்துவிட்டார்கள். ஸ்டிக்கர் மட்டும் தங்கியது. அதை வைத்து வீட்டில் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை.

டெஸ்பாட்ச் மேனேஜர் சபரிநாதன் முப்பத்திரண்டு வயதுப் பையன். எதையும் விதியாக மாற்றினால்தான் அவருக்கு ஜீரணமாகும். ஸ்டிக்கருக்கும் ஒரு விதி போட்டார். சரக்கு உடைந்து, ஸ்டிக்கரும் சிவந்திருந்தால் டிரைவர் தப்பு. உடைந்து, ஸ்டிக்கர் வெள்ளையாக இருந்தால் ஏற்றிய பிரிவின் தப்பு. டிரைவர் மேல் மூன்று புகார் சேர்ந்தால் அவன் அந்தக் கம்பெனி லோடு எடுக்க முடியாது. ஏற்றிய பிரிவின் மேல் மூன்று மாதம் ஒரு புகாரும் வராவிட்டால்—

"உங்கள பர்மனென்ட் ஆக்கிடலாம் ஜெயராஜ். நான் பேசறேன்."

ஜெயராஜ் அன்று உறுதிமொழியை இரண்டு முறை சொன்னார். காரணம் இருந்தது. ஒப்பந்த ஆளுக்கு ஐம்பது வயது ஆகிவிட்டால் அடுத்த பட்டியலில் பெயர் இருக்காது. கேட்டில் காவலாளி சிரித்துக்கொண்டே "அண்ணே, உங்க கார்டு ஓடல" என்பான், அவ்வளவுதான். பர்மனென்ட் ஆள் ஐம்பத்தெட்டு வரை இருக்கலாம். ஆதார்படி ஜெயராஜுக்கு வரும் பிப்ரவரியில் ஐம்பது. அவர் அம்மா கணக்குப்படி அது தாண்டி இரண்டு வருஷம் ஆகிறது.

மூன்று மாதத்தில் எண்பத்தொன்பது நாள் புகாரில்லாமல் ஓடியது. நடுவில் இரண்டு முறை பேசின் உடைந்தது. இரண்டு முறையும் ஸ்டிக்கர்கள் கொஞ்சம் சிவந்திருந்தன. நெடுஞ்சாலையில் எந்த லாரியில்தான் ஒன்றிரண்டு சிவக்காது? இரண்டு முறையும் டிரைவர் ரங்கசாமி. 'டிரைவர் கவனக்குறைவு' என்று ஜெயராஜ் தன் கையால், முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கொடுத்தார்.

எண்பத்தொன்பதாவது நாள் ஆயுத பூஜை.

அன்று கம்பெனியில் எல்லாமே சாமி. ஃபோர்க்லிஃப்டுக்கு மாலை, எடை மேடைக்கு வாழைக்கன்று, கம்ப்யூட்டர் மவுஸுக்குச் சந்தனம். கேட்டில் பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் கொடுத்தார்கள். பூஜை நேரத்தில் ஜெயராஜும் இன்னும் நாலைந்து கிறிஸ்தவர்களும் வழக்கம்போல வெளியே டீக்கடையில் இருந்துவிட்டு, பொரி கொடுக்கும் நேரத்துக்குச் சரியாக உள்ளே வந்தார்கள். நல்ல நேரம் முடிவதற்குள் நெல்லூர் லோடு கிளம்ப வேண்டும் என்று அவசரம். எதையும் நின்று பார்க்காமல் அடுக்கினார்கள். ஜெயராஜ் காலை ஊன்றி மூன்று பெல்ட்டையும் இழுத்தார். அட்டை அழுதது. ரங்கசாமி நாலு எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பிப் போனான்.

மறுநாள் காலையில் சபரிநாதன் போன்.

"ஜெயராஜ், நெல்லூர் கோடவுன்லேர்ந்து போட்டோ வந்திருக்கு. தார்ப்பாயைத் தூக்கிப் பாத்திருக்காங்க. அறுபத்திரண்டு ஸ்டிக்கர், அறுபத்திரண்டும் செவப்பு! இந்த அளவுக்கு செவந்து நான் பாத்ததே இல்ல. இறக்கவே மாட்டேங்கறாங்க. நீங்க நேர்ல போங்க. உடைஞ்சத எண்ணி, டிரைவர் தப்புன்னு எழுதி கையெழுத்துப் போட்டுட்டு வாங்க. அந்தாளுக்கு இது மூணாவது. உங்களுக்கு இது கடைசி நாள். வந்ததும் பேப்பரை எச்.ஆருக்கு அனுப்பிடறேன்."

ஜெயராஜ் சூளூர்பேட்டை வரை ரயிலிலும் அங்கிருந்து ஆந்திரா பஸ்ஸிலும் போனார். மனசு லேசாக இருந்தது. தான் சொன்னதுதான் சரி என்று நிரூபணமாகப் போகிற மனுஷனுக்கு ஜன்னலோர இடம் தானாகக் கிடைக்கும். நாயுடுபேட்டை தாண்டும்போது ஹெலனுக்குப் போன் செய்து முடிந்த மாதிரி என்றார். அவள் அந்த 'மாதிரி'யைக் காதில் வாங்காமல் பாஸ்டருக்குப் போன் செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபையில் சாட்சி சொல்லப் போகிறேன் என்று.

நெல்லூர் கோடவுன் முற்றத்தில் லாரி நின்றிருந்தது. அதன் நிழலில் ரங்கசாமி துண்டை விரித்து உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"வா நைனா, வா. கட்டறவரே வந்துட்டாரு. இங்க அவுக்கறதுக்கு ஆளு இல்லன்னு அனுப்சாங்களா?"

"யோவ், நீ லாரி ஓட்டுனியா, ராட்டினம் சுத்துனியா? அறுபத்திரண்டு செவப்புய்யா!"

"என் பொண்ணு முழுகாம இருக்க சொல்ல ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனேன் பாரு, அத்த விட மெதுவா ஓட்டிக்கினு வந்தேன். ரெண்டு எழுதிட்டியே, மூணாவதுக்கு எடம் வெக்கக்கூடாதுன்னு. தடா தாண்டறதுக்குள்ள ஒரு டிராக்டர்காரன் ஹாரன் அடிச்சி என்னை ஓவர்டேக் பண்ணிக்கினு போறான். மானம் போச்சு."

"சொல்லுவ, சொல்லுவ."

கோடவுன் பொறுப்பாளர் நர்மதா கையில் படிவத்தோடு வந்தார். தெலுங்குக்காரர், சென்னையில் படித்ததால் தமிழ் வரும், பொறுமை வராது. "ஏமண்டி, போட்டோ அப்பவே அனுப்பிட்டேன். எனக்கு நாலு மணிக்கு வேற லோடு இருக்கு. பிரிச்சுப் பாத்து எழுதிக் குடுத்துட்டு வண்டிய எடுங்க."

ஜெயராஜ் மேலே ஏறினார். பெல்ட்டை அவிழ்க்க வேண்டும். அப்போதுதான் கைப்பிடியைத் திறக்க எந்தப் பக்கம் தள்ளவேண்டும் என்று ஒரு நொடி தடுமாறினார். ஆயிரக்கணக்கான லாரிகளில் கட்டியிருக்கிறார். ஒரு லாரியிலும் அவிழ்த்ததில்லை. கும்மிடிப்பூண்டி கேட்டைத் தாண்டினால் அவர் கட்டிய கட்டு என்ன ஆகிறது என்று பதினாலு வருஷத்தில் ஒரு தடவையும் கண்ணால் பார்த்ததில்லை. போட்டோவில் பார்த்திருக்கிறார். அதில் உடைந்த பேசின் மட்டும் இருக்கும், மேஜை மேல், பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி.

முதல் பெல்ட் 'டமார்' என்று விட்டுக்கொண்டது. பெட்டிகள் பெருமூச்சு விட்டது போல ஒரு சத்தம். கீழே சரிந்த ஒரு பெட்டியைப் பிடிக்கப் போனவரின் கட்டைவிரல் ஸ்டிக்கரில் பட்டது. விரலைப் பார்த்தார். சிவப்பு. ஸ்டிக்கரைப் பார்த்தார். அதில் பாதி வெள்ளை.

விரலை மோந்து பார்த்தார். அப்புறம் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து, பேக்கிங் பிரிவில் வேலை செய்கிற கங்கம்மாவைக் கூப்பிட்டார்.

"கங்கம்மா, ஸ்டிக்கர்ல இன்னா பண்ண?"

"எந்த ஸ்டிக்கருண்ணா?"

"அட்டைல ஒட்டுவோமே. வெள்ளையா, நடுவுல வட்டமா."

"அதுவா? பொட்டு வெச்சேன். மொட்ட நெத்தியா கீதேன்னு. பொட்டு வெக்கறதுக்குன்னே வட்டம் போட்டுக் குடுத்துக்கிறாங்க பாரு, எவ்ளோ அறிவு! ஒண்ணு உடாம வெச்சேன். ஏண்ணா, சந்தனம் வெக்கலன்னு திட்றாங்களா?"

ஜெயராஜ் போனை வைத்தார். ரங்கசாமி கீழே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் சிரித்த சிரிப்பில் முற்றத்து நாய் எழுந்து வேறு இடத்துக்குப் போனது. பிறகு ஒரு ஈரத்துணியைக் கொண்டுவந்து நீட்டினான். இருவரும் ஆளுக்கு ஒரு பக்கமாகத் துடைத்தார்கள். அறுபத்திரண்டும் வெள்ளை. ஒன்றுகூடச் சிவக்கவில்லை. அன்றைக்கு அந்த நெடுஞ்சாலையில் அவ்வளவு பதவிசாக வேறு லாரி போயிருக்காது.

"பாத்தியா? பாத்தியா நைனா? நான் சொல்ல சொல்ல..." ரங்கசாமி அவசரமாகத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டான்.

ஜெயராஜும் சிரித்தார். ஸ்டிக்கர் வெள்ளை, தன் கட்டு இரும்பு, சரக்கு அப்படியே இருக்கும், யாருக்கும் புகாரில்லை, பர்மனென்ட். இந்தச் சந்தோஷம் சுமார் பத்து நிமிஷம் நீடித்தது.

பெட்டிகளை இறக்கிப் பிரித்தார்கள். மேல்வரிசை ஓரத்தில் இருந்த முதல் பேசினை நர்மதா விரல் நுனியால் தட்டினார். 'ணங்' என்று வரவேண்டியது 'டக்' என்று வந்தது. விளிம்பிலிருந்து குழாய் ஓட்டை வரை தலைமுடி கனத்தில் ஒரு விரிசல். அடுத்த ஓரத்தில் ஒன்று. நடுவில் எல்லாம் நன்றாக இருந்தன. அப்புறம் இன்னொரு ஓரத்தில் ஒன்று. மொத்தம் ஆறு.

நர்மதா ஆறையும் அவற்றின் பெட்டியோடு வரிசையாக வைக்கச் சொன்னார். வைத்தார்கள். ஆறு பெட்டியின் மூலையிலும் ஒரே அகலத்தில் ஒரு பள்ளம் இருந்தது. யாரோ விரலால் மாவை அழுத்தின மாதிரி. ஜெயராஜ் கீழே கிடந்த பெல்ட்டை எடுத்து ஒரு பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. மூன்று பெல்ட். ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஓரம். ஆறு.

அவர் இன்னொரு பள்ளத்திலும் வைத்துப் பார்த்தார். பிறகு இன்னொன்றில். ஆறாவது வரைக்கும் போனார். அதிர்வு ஸ்டிக்கருக்கு அதிர்ச்சி மட்டும்தான் தெரியும், நெரித்தால் தெரியாது. வழியெல்லாம் ஒரு குலுக்கலும் இல்லை என்று அறுபத்திரண்டு வெள்ளை வட்டம் சாட்சி சொல்கிறது. அப்படியானால் இந்த ஆறும் கும்மிடிப்பூண்டி கேட்டைத் தாண்டுவதற்கு முன்னாலேயே செத்துவிட்டன. அட்டை அழுதது உள்ளே இருந்ததன் சார்பில்தான்.

ரங்கசாமி இப்போது சிரிக்கவில்லை. சாப்பிட்ட டப்பாவைக் கழுவப் போய்விட்டான். அது ஜெயராஜுக்கு இன்னும் பேஜாராக இருந்தது.

சபரிநாதனைக் கூப்பிட்டார்.

"சார், அது செவப்பு இல்ல சார். குங்குமம்."

"என்ன குங்குமம்?"

சொன்னார். "துடைச்சாச்சு சார். எல்லாம் வெள்ளை."

சபரிநாதன் நேராகக் கணக்குக்கு வந்தார். "உடைஞ்சது?"

"ஆறு சார்."

"யோவ், நீ ஏன்யா துடைச்ச?" மூன்று மாதமாக இருந்த 'நீங்க' எங்கேயோ விழுந்துவிட்டது. "வெள்ளை ஸ்டிக்கர், உடைஞ்ச சரக்கு. ரெண்டும் சேந்தா யார் தலையில விழும் தெரியுமில்ல?"

"தெரியும் சார். என் தலையிலதான்."

"என் தலையிலயும்தான்!" எழுந்து போய்க் கதவைச் சாத்துகிற சத்தம். திரும்பி வந்தபோது குரலில் வெண்ணெய் தடவியிருந்தது. "ஜெயராஜ், பாருங்க. போட்டோ ரெக்கார்ட்ல இருக்கு. ரெக்கார்ட்ல செவப்பு. கம்பெனிக்கு ரெக்கார்ட்தான் கண்ணு. லாரில குங்குமம் இருக்குமில்ல? பூஜை போட்ட வண்டிதானே. உடைஞ்ச பெட்டிக்குப் பக்கத்துல ஒரு பத்து ஸ்டிக்கர்ல மட்டும் மறுபடி வெச்சுட்டு, டிரைவர்னு எழுதிடுங்க. நான் சொல்லல, நீங்க கேக்கல. நாளைக்குப் பேப்பர் மூவ் ஆயிடும்."

ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து ஜெயராஜ் யாருக்கும் பொட்டு வைத்ததில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்கள் நீட்டினால்கூடத் தட்டைத் தொட்டு வாங்கிக்கொள்வாரே தவிர, குங்குமத்தைத் தொடமாட்டார். இப்போது அட்டைப்பெட்டிக்குப் பொட்டு வைத்தால் எட்டு வருஷ வேலை. பாஸ்டர் இதற்கு என்ன வசனம் எடுப்பார் என்று யோசித்துக்கொண்டே லாரியின் கேபினில் ஏறினார்.

கண்ணாடிக்குக் கீழே திருத்தணி முருகன் படம். அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் சிமிழ். கையில் எடுத்தார். பாதி இருந்தது, பத்து ஸ்டிக்கருக்குத் தாராளம்.

"எடுத்துக்கோ நைனா." ரங்கசாமி கீழே கதவோரம் நின்றிருந்தான். அவர் போனில் எதிர்ப்பக்கம் பேசுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்கும். ஜெயராஜுக்கு மட்டும் அது தெரியாது. "நான் பாக்கல. பாத்தாலும் டிரைவர் சொல்றத எவன் நம்பப் போறான்? மூணாவது எழுதினா எனக்கு இந்த லைன் கட்டு. ஊருக்குப் போயி எவன் நெலத்துலனா கல்லக்கா செடி புடுங்கணும். எனக்கு லாரி ஓட்றத தவிர ஒண்ணும் தெரியாது."

டப்பாவில் இருந்த தண்ணீரைக் கீழே ஊற்றினான்.

"ஒனக்குக் கட்றத தவிர ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சேன். பாத்தா, அதுவும் தெரியல."

ஜெயராஜ் சிமிழை மூடவுமில்லை, திறக்கவுமில்லை. மனுஷனுக்கு நேர்மை எங்கிருந்து வருகிறது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. சிலருக்குப் பயத்தில் வரும். சிலருக்குப் படிப்பில் வரும். ஜெயராஜுக்கு அன்று அது ரோஷத்தில் வந்தது. டிரைவர் பேரில் பொய் எழுதுவதற்கு அவர் அவ்வளவாகக் கூசியிருக்க மாட்டார். இரண்டு முறை எழுதியவர்தான், உண்மையென்று நம்பி எழுதியிருந்தாலும். ஆனால் கட்டத் தெரியாதவன் என்று ஒருத்தன் மூஞ்சிக்கு நேரே சொன்ன பிறகு, குங்குமத்தைப் பூசி அதை மறைப்பதா? அப்படிச் செய்தால் ரங்கசாமி சொன்னது ஆயுசுக்கும் சரியாகிவிடும்.

சிமிழை முருகன் முன்னால் வைத்துவிட்டு இறங்கினார்.

நர்மதாவிடம் படிவத்தை வாங்கினார். 'சேதத்துக்குக் காரணம்' என்ற இடத்தில் இரண்டு கட்டம்: டிரைவர், ஏற்றிய பிரிவு. இரண்டாவதில் டிக் போட்டார். அதோடு நிற்கவில்லை. ஓரத்தில் இருந்த வெற்றிடத்தில் எழுத ஆரம்பித்தார். 'பெல்ட் அளவுக்கு மீறி இறுக்கப்பட்டது. மூலைத் தடுப்பு வைக்கவில்லை. ஸ்டிக்கரில் இருந்தது குங்குமம். முன்பு நான் ரங்கசாமி மேல் எழுதிய இரண்டும் இதே காரணமாக இருக்கலாம், பெட்டியைப் பார்க்காமல் எழுதினேன்.' இடம் போதாமல் படிவத்தைத் திருப்பிப் பின்பக்கமும் எழுதினார். கையெழுத்துப் போட்டு, கீழே 'ஹெல்பர் 2' என்று போட்டார்.

"ஆறு பேசினுக்கு இத்தனை கதையா?" என்றார் நர்மதா.

"பதினாலு வருஷக் கதைம்மா. சுருக்கித்தான் எழுதிக்கீறேன்."

துடைத்த ஸ்டிக்கர்களையும் பெல்ட் பதிந்த ஆறு பள்ளத்தையும் பெட்டியோடு சேர்த்துப் போட்டோ எடுக்கச் சொன்னார். பெட்டியோடு, பெட்டியோடு என்று மூன்று முறை சொன்னார்.

திரும்பும்போது காலி லாரியிலேயே வந்தார். ரங்கசாமி நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஜெயராஜ் இறங்கி பஸ் பிடித்திருப்பார். வழியில் ஓர் இடத்தில் டீ குடித்தார்கள். டீக்கு யார் கொடுப்பது என்று மட்டும் சண்டை போட்டார்கள்.

மறுநாள் சபரிநாதன் அவரை உட்காரச் சொல்லவில்லை. படிவத்தின் பின்பக்கத்தை ஸ்கேன் செய்ய அவசியமில்லை என்றார். முன்பக்கமே போதுமானது, மூன்று மாதக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது என்றார். விரலை மடக்கிப் பார்த்தால் ஜனவரியில் முடியும். பிப்ரவரிக்கு முன்னால். ஆனால் அப்போது யார் மேனேஜர், என்ன விதி என்று அவருக்கே தெரியாதாம். ரங்கசாமியின் பழைய இரண்டு புகாரையும் நீக்கக் கம்ப்யூட்டரில் பொத்தான் இல்லை. மூன்றாவது மட்டும் ஏறவில்லை. சாயங்காலமே நோட்டீஸ் போர்டில் சுற்றறிக்கை வந்தது: 'இனி கம்பெனிச் சொத்துகளில் குங்குமம் இடக்கூடாது.' பெல்ட்டைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. கங்கம்மா அதைப் படித்துவிட்டு, "அப்ப வர்ற வருஷம் சாமி எங்கள கேக்கக்கூடாது, அவர போய் கேக்கணும்" என்று மேனேஜர் அறையைக் காட்டினாள்.

ஹெலன் இரண்டு நாள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் அவள் பெயரைக் கூப்பிட்டபோது எழுந்து, தொண்டை கட்டிக்கொண்டது என்று சைகை காட்டி உட்கார்ந்துவிட்டாள்.

திங்கட்கிழமை விஜயவாடா லோடு. டிரைவர் ரங்கசாமி. ஜெயராஜ் ஞாயிறு மாலையே ஊரில் நாலு வீடு ஏறி, கெஞ்சியும் மிரட்டியும் பன்னிரண்டு மூலைத் தடுப்புகளை மீட்டுக்கொண்டு வந்திருந்தார். ஒன்றில் மட்டும் யாரோ நகப்பூச்சால் பூ வரைந்திருந்தார்கள். அவற்றை ஓரங்களில் வைத்து, பெல்ட்டை மேலே போட்டு, கைப்பிடியை ஆட்டினார். நாலு. ஐந்து. ஆறு. வலது கால் பழக்கத்தில் பக்கப் பலகைக்கு ஏறியது. அதை எடுத்துக் கீழே வைத்தார். அதற்கு மனசே இல்லை.

டீ கிளாஸோடு வந்து நின்றவர்களில் ஒருவன், "இன்னாண்ணா, ஒடம்பு செரியில்லியா?" என்று கேட்டான்.

ரங்கசாமி லாரியிலிருந்து இறங்கி வந்தான். பெல்ட்டுக்கு அடியில் இரண்டு விரலைச் சொருகிப் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "இந்தப் பக்கம் ஒரு பல்லு எறக்கு."

பதினாலு வருஷத்தில் ஒரு டிரைவர் சொல்லி ஜெயராஜ் ஒரு முடிச்சைக்கூடத் தொட்டதில்லை. அவர் கைப்பிடியைத் தூக்கி, ஒரு பல் இறக்கினார். அட்டை சத்தமே போடவில்லை. அந்த அமைதி அவருக்குச் சகிக்கவில்லை.

"போதுமா? இன்னொரு பல்லு எறக்கட்டா? இல்ல, கயிறே வேணாம், தாலாட்டு பாடிக்கினு இட்டுனு போறியா? ஏறுய்யா மொதல்ல. டைமாச்சு."

"கோவப்படாத நைனா. பிரிக்க சொல்ல, பெட்டியோட போட்டோ அனுப்பறேன்" என்று சொல்லிக்கொண்டே ரங்கசாமி கேபினில் ஏறினான்.

லாரி கேட்டைத் தாண்டி நெடுஞ்சாலைப் பக்கம் திரும்பும் வரை ஜெயராஜ் அங்கேயே நின்றார். பிறகு அடுத்த லாரிக்குப் போகாமல், போனை எடுத்து வாட்ஸ்அப்பில் சத்தத்தைக் கூட்டி வைத்தார். விஜயவாடா போய்ச் சேர இன்னும் பத்து மணி நேரம் ஆகும்.